தொண்டை கேட்ட வழி

ஒரு ஊரில் முனிரத்தினம் என்று ஒருத்தன் தெருத்தெருவாகச் சாணை பிடித்துப் பிழைத்து வந்தான். தோளில் சாணைச் சக்கரம். போகிற இடமெல்லாம் கூடவே இரண்டு பேர். ஒருத்தன் பெயர் தாகம், இன்னொருத்தன் பெயர் வெட்கம்.

தாகம் இருபது வருசமாக அவனோடு ஒரே தட்டில் தின்றவன். வெட்கம் அப்படியில்லை. மடிப்புக் கலையாத வேட்டியும் தானுமாக, நாலடி தள்ளி, பெரிய மனுசன் மாதிரி நடப்பான். இருவரும் முகங்கொடுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. 'கொஞ்சமாவது வெட்கம் இருந்தா இப்படிக் குடிப்பானா?' என்று ஊரே சொல்லும். முனிரத்தினமும் அப்படித்தான் நம்பியிருந்தான்.

அன்றைக்கு அவன் குடிக்காமல் பதினோராம் நாள். இதற்கு முன் இரண்டு தடவை விட்டவன்தான். இரண்டு தடவையும் பன்னிரண்டாம் நாளைத் தாண்டவில்லை.

"தனியா மல்லுக்கட்டாதே," என்று பெரியாஸ்பத்திரி நர்சம்மா சொல்லியிருந்தார். "குடியை விட்டவங்க வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடுறாங்க. கடைத்தெருப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். போய் விசாரி."

இந்த வியாழன் தப்பினால் அடுத்தது ஏழு நாள் கழித்து. அதுவரைக்கும் தாங்காது என்று அவனுக்கே தெரியும்.

கடைத்தெருவில் கால் வைத்ததுமே வெட்கம் ஒட்டி வந்தான்.

"துண்டை முகத்தோட சேர்த்துக் கட்டு முனிரத்தினம். வீட்டில வயசுப் பொண்ணு இருக்கா. நாளைக்குச் சம்பந்தம் பேச வர்றவன் என்ன சொல்லுவான்?"

கட்டிக்கொண்டான்.

"கூட்டம்னு வாயைத் திறந்துடாதே. பள்ளிக்கூடம் எங்கேன்னு மட்டும் கேளு."

கேட்டான். வெற்றிலைக் கடைக்காரர் பெரிய பள்ளிக்கூடத்தைக் கைகாட்டினார். போனால் வகுப்புகளில் எல்லாம் பூட்டு தொங்கியது.

"இன்னொரு பள்ளிக்கூடம் இருக்குதா?" என்றான் வாட்ச்மேனிடம்.

"எதுக்குப்பா, பிள்ளையைச் சேர்க்கவா?"

"ஆ... ஆமா."

"அதுக்கு ஜூன் மாசம் வா," என்று கேட்டைச் சாத்திவிட்டார் அவர்.

சுற்றிச் சுற்றி வந்த கால் கடைசியில் மதுக்கடை முன்னால் போய் நின்றது. ஆறு அடிக்கக் கால்மணி நேரம்.

தாகம் குழைந்தான். "அண்ணே, நீ தேடலேன்னு யார் சொல்ல முடியும்? இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு. மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

இவனாவது தடுப்பான் என்று முனிரத்தினம் வெட்கத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"முகத்தை மூடியிருக்கே, யாருக்கும் தெரியாது," என்றான் வெட்கம். "சட்டுன்னு போயிட்டு வந்துடு. நடுத்தெருவில வழி கேட்டு மானம் போறதுக்கு இது தேவலை."

"சரியாச் சொன்னீங்க மச்சான்," என்று தாகம் வாய்தவறி உளறிவிட்டான்.

முனிரத்தினத்துக்குச் சுரீர் என்றது. "மச்சானா? நீங்க ரெண்டு பேரும் உறவா?"

"என் தங்கச்சியை அவனுக்குத்தானே கொடுத்திருக்கு," என்றான் வெட்கம், கொஞ்சமும் கூசாமல்.

அப்போதுதான் தொண்டை பேசிற்று. இருபது வருசமாக வந்ததையெல்லாம் விழுங்கியே பழகின தொண்டை.

"அடேய், இந்தக் கடைக்கு வந்த நாளெல்லாம் முகத்தை மூடினியா? வேட்டி அவிழ்ந்து தெருவில கிடந்தியே, அப்ப இந்த மானஸ்தன் எங்கே போயிருந்தான்? சாணை பிடிக்கலையோன்னு நாலு தெருவுக்குக் கேட்கக் கத்த விடுறே. வழி கேட்க மட்டும் என்னைக் கட்டிப் போடுவியா? இந்தத் தாகம் என் வழியாத்தான் உள்ளே வந்தான். என் வழியாத்தான் அவனை வெளியே தள்ளணும். கத்துடா!"

முனிரத்தினம் துண்டை உருவி எறிந்தான். சக்கரத்தை நடுத்தெருவில் இறக்கி வைத்து, சாணைக்குக் கூவுகிற அதே ராகத்தில் கூவினான்.

"குடியை விட்டவங்க கூட்டம் எங்கேம்மா... எங்கேய்யா... கூட்டோம்!"

தெரு அப்படியே நின்றது. மதுக்கடை வரிசையில் ஒருத்தன் சிரித்தான். "யோவ் சாணை, கூட்டம் இங்கேதான்யா இருக்கு. வரிசையில வா!"

"இந்தக் கூட்டத்தை இருபது வருசம் பார்த்தாச்சு. நீ நில்லு ராசா," என்றவன் இன்னும் உரக்கக் கத்தினான்.

வெட்கம் அவன் காலைப் பிடித்துக்கொண்டான். "வேணாம், உன் பொண்ணு... சம்பந்தம்..."

"என்னைச் சாக்கடையிலிருந்து தூக்கிட்டுப் போனவளே அவதான். அவ பார்க்காத மானமா? விடுடா காலை!"

தள்ளுவண்டியில் வளையல் விற்கிற அம்மா தெருவுக்கே கேட்கச் சொன்னாள்: "மாதா கோயிலுக்குப் பின்னாடி சின்னப் பள்ளிக்கூடம்யா! எங்க வீட்டுக்காரரும் அங்கேதான் போயிருக்கார். ஓடு, ஆறாகப் போகுது!"

சிரித்தவனுக்குப் பின்னால் நின்ற காக்கிச் சட்டைக்காரன் வரிசையை விட்டு வெளியே வந்தான். "அண்ணே, இருங்க. நானும் வரேன். ஒரு மாசமா யார்கிட்ட கேட்கிறதுன்னு தெரியாம இருந்தேன்."

இருவரும் விறுவிறுவென்று நடந்தார்கள். வெட்கம் எழுந்திருக்க மாட்டாமல் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டான். தாகம் மட்டும் விடாமல் பின்னாலேயே ஓடி வந்தான்.

சின்னப் பள்ளிக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு நாற்காலி. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு தாகம் குந்தியிருந்தது. நம்ம தாகத்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"அட, நம்ம சனமெல்லாம் இங்கேதான் இருக்கா!"

மூலையில் எலும்பும் தோலுமாக ஒரு கிழத் தாகம் சுவரில் சாய்ந்திருந்தது.

"ஏன் பெரியப்பா இப்படி ஒட்டிப் போயிட்டே?"

"ஒன்பது வருசப் பட்டினி," என்றது கிழம். "உன் மச்சான் எங்கேப்பா, காணோம்?"

"கடைத்தெருவில உட்கார்ந்துட்டாரு. வந்துடுவாரு."

கிழத் தாகம் பெருமூச்சு விட்டது.

"என் மச்சானும் அப்படித்தான் தெருவிலேயே தங்கிட்டான். அதோட எனக்குச் சோறு போச்சு."