தடியங்காய் ஊமையான நாள்

காய்களுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. கத்தரிக்காயைப் பறிக்கப் போனால், "காம்பைப் பாத்துப் புடி, முள்ளு குத்திரும்" என்று அதுவே எச்சரிக்கும். எந்தக் காயை அறுப்பதானாலும் "அறுக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். அது "அறு" என்று சொன்ன பிறகே அரிவாள்மணையில் வைக்க வேண்டும். அதுதான் முறை. காய்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. தாய்க்காய் பார்த்ததையும் கேட்டதையும் பிள்ளைக்காய் விதையோடு வாங்கிக்கொள்ளும். பொய் சொல்ல அவற்றுக்குத் தெரியாது. ஊரில் வழக்கு என்று வந்து ஒரு காய் சாட்சி சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சே கிடையாது.

வெண்பூசணி என்று சிலர் சொல்லும் தடியங்காய், அந்நாளில் பச்சைப் பசேலென்று வழவழப்பாக இருந்தது. தொட்டால் கையில் ஒன்றும் ஒட்டாது. பச்சையாகத் தின்றாலே தித்திக்கும். வாயும் கொஞ்சம் நீளம். கூரைமேல் படுத்துக் கிடக்கிற காய் அல்லவா? அக்கம்பக்கத்துச் சங்கதி அத்தனையும் அதற்குத் தெரியும்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பலவேசம் என்று ஒரு சமையல்காரர் இருந்தார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவர் கிண்டுகிற தடியங்காய் அல்வாதான் படையல். படைக்கும் முன் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. ருசி பாராமலே பதம் தப்பாமல் கிண்டுவார் என்பதுதான் அவருடைய பெருமை. அந்தப் பெருமை ஒரு கொடையில் மண்ணாய்ப் போனது. படையலை எடுத்து ஊருக்குக் கொடுத்தார்கள். வாயில் போட்ட அத்தனை பேரும் காறித் துப்பினார்கள். அல்வா முழுக்க உப்பு.

பலவேசம் வீட்டுக்கு ஓடிவந்து பானைகளைப் பார்த்தார். இடது பக்கப் பானையில் உப்பு இருந்தது. வலது பக்கப் பானையில் சீனி இருந்தது. அப்படியானால் யாரோ வேண்டுமென்றே அல்வா கிண்டிய உருளியில் உப்பைக் கொட்டியிருக்க வேண்டும். அன்றைக்கு அடுப்புக்கு விறகு தள்ளியது தம்பி சிவனணைஞ்சான் ஒருவன்தான். "இவன்தான்! எம்மேல பொறாமை!" என்று சாமி முன்னால் அடித்துச் சொன்னார் பலவேசம். ஊர் தம்பியைக் கேட்டது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் போட்டேன்" என்றான்.

பன்னிரண்டு வருஷம் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, அதற்குள் அண்ணன் மன்னித்தால் ஊரில் இருக்கலாம், இல்லாவிட்டால் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று தீர்ப்பானது.

பலவேசம் மன்னிக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் நடுச்சுவர் ஒன்றுதான். ஆனாலும் தம்பியின் பேர்கூட அவர் வாயில் வரவில்லை. தம்பி மகள் சமைந்த சடங்குக்குப் போகவில்லை. தம்பி காய்ச்சலில் கிடந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. நாட்களை எண்ணிக்கொண்டே இருந்தார்.

அந்த நாள் வந்தது. பொழுது சாய்வதற்குள் தம்பி கிளம்ப வேண்டும். மதியத்துக்கு மேல் பலவேசம் குளித்துவிட்டு வந்து, "ஏட்டி, நெய்யை எடு. இன்னைக்கு நம்ம வீட்டுல அல்வா" என்றார்.

மனைவி பிரம்மசக்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கூடப் பொறந்தவன் ஊரைவிட்டுப் போறான். நீங்க அல்வா கிண்டப் போறீகளாக்கும்?"

"நல்ல சேதிக்கு இனிப்புதானே திங்கணும்?"

"ஒங்க வாய்க்கு நெய் ஒண்ணுதான் கேடு! நெய் உறியில இருக்கு, எடுத்துக்கிடுங்க. நான் ஒங்க தம்பி பொஞ்சாதிக்கு மூட்டை கட்டிக் குடுக்கப் போறேன்." சொல்லிவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

வேர் தம்பி வீட்டுப் பக்கம், காய் அண்ணன் வீட்டுப் பக்கம் என்று கூரையில் ஒரு தடியங்காய் கிடந்தது. பலவேசம் ஏணி வைத்து ஏறினார்.

"தம்பி போறதுக்கு முன்னால அவன் காயைத் திங்கணும், அதானே?" என்று கேட்டது தடியங்காய்.

"நீ கெடக்கிறது என் கூரையில."

வேலியோரத்துக் கத்தரிக்காய்கள் கெக்கலித்துச் சிரித்தன. "அண்ணாச்சி, இந்தத் தடவையாவது சீனியைப் போடுங்க!"

"சும்மா கெடங்கலே, சொத்தைக் களுதைகளா!"

பலவேசம் காயைக் கொண்டுவந்து அரிவாள்மணையின் முன் வைத்தார். முறைப்படி கேட்டார். "அறுக்கட்டுமா?"

"அறு. ஆனா நான் சொல்றதைக் கேட்டுக்கிட்டே அறு."

இரண்டாகப் பிளந்தார். விதைகளை வழித்துப் போட்டுவிட்டு, தேங்காய் துருவுகிற திருவலையில் ஒரு பாதியை வைத்துத் துருவத் தொடங்கினார்.

"பலவேசம், அன்னைக்கு எங்க அம்மா இதே கூரையிலதான் கெடந்தா. கொடைக்கு முந்தின நாள் வீடு மெழுகினியே, நெனவிருக்கா?"

"மெழுகினேன். அதுக்கென்ன?"

"உப்புப் பானையையும் சீனிப் பானையையும் வெளி முத்தத்துல எடுத்து வச்சே. மெழுகி முடிச்சுத் திரும்ப வைக்கையில எடம் மாத்தி வச்சிட்டே. வலது பக்கம் சீனின்னு கை பழகினது. பாக்காமலே அள்ளிப் போட்டே."

திருவலையில் கை நின்றது. "பொய்! நான் வந்து பாத்தேனே. பானை ரெண்டும் அததது எடத்துல இருந்துச்சே!"

"இருந்துச்சு. ஊரே ஒன்னைச் சுத்தி நின்னு துப்பிக்கிட்டு இருக்கையில ஒருத்தன் இங்க ஓடிவந்தான். ரெண்டு பானையிலயும் நக்கிப் பாத்தான். தலையில அடிச்சுக்கிட்டான். எடத்தை மாத்தி வச்சிட்டுப் போயிட்டான்."

"யாரு?"

"யாருன்னா கேக்கே? படையலைக் கெடுத்தவன் சமையக்காரன்னு தெரிஞ்சா அந்தக் கையால ஒருத்தனும் பச்சைத் தண்ணி வாங்க மாட்டான். 'அண்ணனுக்கு அந்தக் கை ஒண்ணுதானே தாயே இருக்கு'ன்னு எங்க அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் உன் தம்பி கோயிலுக்குப் போனான். அவனுக்காகத்தான் இத்தனை வருஷம் நாங்க வாயைத் தொறக்கலை; இன்னைக்கு அவனே போறான்."

முற்றத்து வெயில், ஈரச் சாணி வாசம், ஒவ்வொரு கையிலும் ஒரு பானை. எல்லாம் பலவேசத்தின் கண்முன் வந்து நின்றன. ஆமாம், மாற்றித்தான் வைத்தார். பன்னிரண்டு வருஷமாக அந்த நினைப்பு உள்ளேயேதான் கிடந்திருக்கிறது. ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மெதுவாப் பேசு" என்றார்.

"எதுக்கு மெதுவா? பன்னிரண்டு வருஷம் நீ கத்தினே. நான் ஒரு தடவை கத்துறேனே. ஏ பிரம்மசக்தி! ஏ சிவனணைஞ்சான்!"

சுவருக்கு அந்தப் பக்கம் மூட்டை கட்டுகிற சத்தம் நின்றது. பலவேசம் என்ன செய்கிறோம் என்றே அறியாமல் அடுப்புச் சாம்பலை இரண்டு கையாலும் அள்ளினார். மிச்சப் பாதியின் பிளந்த வாயில் அடைத்தார். மேலெல்லாம் அப்பினார். துருவல் இன்னும் முனகியது. அதை வேட்டித் துணியில் கொட்டி முடிந்து முறுக்கினார். முறுக்க முறுக்க, குரல் தண்ணீராய்த் தாம்பாளத்தில் வடிந்தது. கடைசிச் சொட்டு விழுந்ததும் சத்தம் அடங்கியது.

கத்தரிக்காய்கள் சிரிக்கவில்லை. வேலிப் பாகற்காய் முணுமுணுக்கவில்லை. ஊர்த் தோட்டம் முழுவதும் ஒரு காய் வாய் திறக்கவில்லை. அப்படி ஒரு அமைதியைப் பலவேசம் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பிடரியில் கை வைத்து அழுத்தியது போல் இருந்தது.

பிரம்மசக்தி வாசலில் வந்து நின்றாள். சாம்பலைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். "அட பாவி மனுசா, என்ன செஞ்சு தொலைச்சீரு?"

தெருவில் வண்டி நகரும் சத்தம் கேட்டது. பலவேசம் மிச்சப் பாதிக் காயை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. ஊர்த்தலைவர் நல்லபெருமாள் வண்டியை வழியனுப்ப நின்றார். பலவேசம் மாட்டுக் கொம்பைப் பிடித்து நிறுத்தினார். "அவன் போடலை! நான்தான் உப்பைப் போட்டேன். பானையை மாத்தி வச்சிட்டேன்."

"பன்னிரண்டு வருஷமா இவன்தான்னு சொன்னே" என்றார் நல்லபெருமாள். "கடைசி நேரத்துல தம்பிப் பாசம் பொங்குதாக்கும்? சாட்சி யாரு?"

"இந்தக் காய்."

நல்லபெருமாள் குனிந்து, "சொல்லு தாயே" என்றார்.

சாம்பல் அப்பிய தடியங்காய் சும்மா இருந்தது. பலவேசம் உலுக்கினார். வாயிலிருந்த சாம்பலை விரலால் தோண்டினார். "சொல்லு! இப்பக் கத்து! ஊரே கேக்கட்டும், கத்து!" கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பேசாத காயை அந்த ஊர் அதுவரை பார்த்ததே இல்லை.

நல்லபெருமாள் தம்பியிடம் திரும்பினார். "நீ என்னலே சொல்லுதே?"

சிவனணைஞ்சான் அண்ணனின் கைகளைப் பார்த்தான். அவற்றில் சாம்பலும் சாறும் வழிந்துகொண்டிருந்தன.

"அன்னைக்குச் சொன்னதுதான். நான்தான் போட்டேன்" என்றான்.

"ஏலே தம்பி!" என்று அலறினார் பலவேசம்.

"மாட்டை விடுங்க, அண்ணாச்சி. பொழுது சாயுது."

வண்டி போய்விட்டது.

பலவேசம் வீட்டுக்கு வந்தார். தாம்பாளத்துத் தண்ணீர் அப்படியே இருந்தது. அதை ஒரு சொட்டு விடாமல் உருளியில் ஊற்றினார். பிழிந்த துருவலை அதில் போட்டு அடுப்பை மூட்டினார். குரல் இந்தத் தண்ணீரில்தானே போயிற்று, துருவல் அதைத் திரும்பக் குடித்தால் ஒரு சொல்லாவது வராதா என்று நினைத்தார். தண்ணீர் கொதித்தது, சுண்டியது, வற்றியது. குமிழி வெடிக்கும்போதெல்லாம் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனார். காயின் தித்திப்பும் போயிருந்தது. சீனியை எடுத்து, முதல் முறையாக நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். நெய் விட்டார். அல்வா திரண்டது. அது பேசவில்லை.

விடிந்து பார்த்தால், கொடியில் கிடந்த பிஞ்சுகளின் மேலும் சாம்பல் பூத்திருந்தது. அந்தச் சாம்பல் இன்றைக்கும் தடியங்காயைத் தொட்டால் கையில் ஒட்டுகிறது. காய்கள் வாய் மூடியதும் அந்த நாளிலிருந்துதான். வீட்டில் தடியங்காய் அல்வா கிண்டுகிறவர்கள், பிழிந்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் அதிலேயே துருவலை வேகவைப்பதும், அது வற்றுகிறவரை உருளியை விட்டு நகராமல் குனிந்தே நிற்பதும் அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்தான்.