தவசி காரை ஓட்டவே இல்லை

மேட்டுப்பட்டி அண்ணன் தம்பி மூன்று பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன். யார் என்ன சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்கிறவர்கள். ஊருக்குத் தலைவலியே அதுதான்.

அவர்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. மூத்தவன் ஒச்சப்பன் அதைக் கரண்ட் கம்பத்தில் மோதினான். அடுத்தவன் பேச்சியப்பன் கண்மாய்க்குள் இறக்கினான். கம்பமும் கண்மாயும்தான் குறுக்கே வந்தன என்று இன்றைக்கும் சாதிப்பார்கள்.

தங்கச்சி பவுனுத்தாயி கல்யாணம் நெருங்கும்போது பார்த்து இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மாவோ கறாரான பொம்பளை. "எம்மகன் மண்டப வாசல் வரைக்கும் கார்லதான் வரணும். நடுவுல கால் தரையில பட்டா கல்யாணமே கிடையாது" என்று சொல்லியிருந்தாள்.

மூவரும் ஏஜென்ட் ஞானதுரையிடம் ஓடினார்கள். அவர் பெருமூச்சு விட்டார்.

"இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுல எடுத்தா போலீஸ் பிடிச்சிருவாங்க. நீங்க இடிச்ச இடியில இடிக்காதவங்களுக்குக் கிடைக்கிற போனஸெல்லாம் போச்சு, பிரீமியம் கூடத்தான் வரும். கட்டிருங்க. இனிமேலாவது விபத்தே பண்ணாத ஆள் கையில ஸ்டியரிங்கைக் கொடுங்க. ஒரு வருஷம் கீறல் விழாம இருந்தா அடுத்த தடவை குறையும்."

கட்டிவிட்டு வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"நம்மள்ல விபத்தே பண்ணாதவன் யாரு?" என்றான் ஒச்சப்பன்.

"சின்னவன் தவசிதான். அவனுக்கு ஓட்டவே தெரியாதுல்ல" என்றான் பேச்சியப்பன்.

ஒச்சப்பன் வெகுநேரம் யோசித்தான். "ஸ்டியரிங்கைக் கொடுங்கன்னுதானே சொன்னாரு? ஓட்டுன்னு சொல்லலையே. ஓட்டினா அவன் பேரும் கெட்டுப்போகும்."

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகப் பின்சீட்டில் உட்கார்ந்தார். தவசி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். மற்ற இருவரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். கார் நத்தை மாதிரி நகர்ந்தது.

"மச்சான், முகூர்த்தம் தப்பிரும். ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் மாப்பிள்ளை.

"பண்ணினா பிரீமியம் ஏறிரும் மாப்ளே. சும்மா உக்காருங்க" என்றான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்த ஒச்சப்பன்.

"அப்ப நான் இறங்கி ஓடிர்றேன்."

"கால் தரையில பட்டா உங்கம்மா கல்யாணத்தை நிறுத்திருவாங்களே" என்றான் தவசி. பாவம், மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் ஊருணி இறக்கம் வந்தது. இறக்கத்தின் அடியில்தான் மண்டபம். கார் திடீரென்று லேசாகிவிட்டது. தள்ளியவர்கள் இருவரும் குப்புற விழுந்தார்கள். தவசி ஸ்டியரிங்கைக் கொஞ்சமும் திருப்பாமல் பத்திரமாகப் பிடித்துக்கொண்டான்.

கார் வாழைமரத்தைச் சாய்த்து, மேளக்காரர்களைத் திண்ணைமேல் ஏற்றி, விருந்துக்கு வந்திருந்த ஞானதுரையின் புது ஸ்கூட்டரை நசுக்கி, மண்டப வாசலில் சரியாக நின்றது. மாப்பிள்ளை நேராக வாசற்படியில் கால் வைத்தார். நல்ல நேரம் முடியுமுன்னே தாலி ஏறியது. சம்பந்தியம்மாவுக்குப் பரம திருப்தி.

ஞானதுரைதான் நசுங்கிய ஸ்கூட்டரைக் காட்டிக் கத்தினார். "யாருய்யா வண்டியை ஓட்டினது? அவன் பேரைச் சொல்லுங்க. வழக்குப் போடுறேன்."

"நாங்க கீழே விழுந்து கிடந்தோம் சார்" என்றார்கள் மூத்தவர்கள்.

"நான் பிடிச்சுக்கிட்டு மட்டுந்தான் இருந்தேன்" என்றான் தவசி.

"அப்ப ஓட்டினது யாரு?"

மூவரும் திரும்பி மேலே பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் பஞ்சாயத்து ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றார்கள். ஊருணி இறக்கம் இத்தனை வருஷமாக லைசென்ஸ் இல்லாமல் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறதாம். உடனே அதைப் பிடித்து உள்ளே போட வேண்டுமாம்.