பொடிநடைக் கியர்

ஏலக்காய்த் தோட்டங்கள் நிறைந்த ஒரு மலையில், கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஒன்று இருந்தது. அதன் வயிற்றுக்குள், என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில், வட்டமான ஒரு கிளட்ச் தகடு குடியிருந்தது. அவர்கள் இருவரையும் சேர்த்துவைப்பதும் பிரித்துவைப்பதும் அதன் வேலை. சேர்ந்திருந்தால் தகட்டுக்குச் சுகம். பிரிந்திருந்தால் ஓய்வு. சேர்ந்தும் சேராமலும் உரசிக்கொண்டே நிற்கும்போதுதான் நரகம். டிரைவர்கள் அதை ஹாஃப் கிளட்ச் என்பார்கள்.

தோட்டத்துக்குப் போகிற பாதையில் முதுகொடிச்சான் என்றொரு ஏற்றம் உண்டு. வழியெல்லாம் உருண்டைக் கற்கள். இடப்பக்கம் கிடுகிடு பள்ளம். வேகமாகப் போனால் கல் வண்டியைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டுவிடும். மெதுவாகப் போனால் என்ஜின் அணைந்துவிடும். அதனால் டிரைவர் போதுராஜ் பெடலைப் பாதி மிதித்தபடியே ஏற்றம் முழுக்க ஓட்டுவான். தகடு உரசி உரசிக் கருகும். வண்டிக்குள் இருக்கும் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

ஒருநாள் தகடு முதல் கியரிடம் கேட்டது: "தம்பி, கொஞ்சம் மெதுவாச் சுத்தக் கூடாதா? எனக்குத் தோல் உரியுது."

"நான் என்னக்கா செய்ய? பெட்டிக்குள்ள நான்தான் இருக்கிறதுலேயே மெதுவான ஆளு. எனக்குக் கீழ யாரும் இல்லை."

தகடு என்ஜின் பக்கம் திரும்பியது. "அண்ணே, நீங்களாவது?"

"இதுக்கு மேல குறைச்சா மூச்சு நின்னுபோகும். வண்டி பின்னால உருளும். பதினாறு உசுரும்மா" என்றது என்ஜின்.

இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. தகட்டை நோகடிக்க வேண்டுமென்று யாரும் நினைக்கவில்லை. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் அதற்குப் பாதி வலி குறைந்திருக்கும். அதுவும் கிடைக்கவில்லை.

வண்டிக்கு வெளியேயும் தகட்டைப் போல ஒருத்தி இருந்தாள். பேர் பவுன்தாய். ஏலக்காய் எடுக்கப் போகிறவள்தான். ஆனால் ஏற்றம் வந்ததும் அவள் மட்டும் இறங்கி, தலையளவு கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடப்பாள். வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போட வேண்டும். அந்த வேலையை யார் அவளுக்குக் கொடுத்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஒருநாள் செய்தாள், அன்றிலிருந்து அவளுடையதாகிவிட்டது.

மெக்கானிக் யாக்கூப் ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, தோட்டத்து மேனேஜர் பரமானந்தத்திடம் சொன்னார்:

"சார், தப்பு தகட்டுல இல்லை. இந்த ஏத்தத்துக்கு இருக்கிற கியர் பத்தாது. கியர்பெட்டிக்குப் பின்னால இருக்கிற சின்னப் பெட்டியில, முதல் கியருக்கும் கீழ ஒரு கியர் போடணும். என்ஜின் பாட்டுக்குச் சுத்தும், வண்டி பொடிநடையாப் போகும். கிளட்ச்சை மிதிக்கவே வேண்டாம்."

"பொடிநடையா? எனக்கு ஏழு மணிக்கெல்லாம் ஆள் காட்டுக்குள்ள நிக்கணும் பாய். தகட்டுக்குப் புதுத் தோல் வச்சு விடுங்க, போதும்."

யாக்கூப் பழைய தோலை உரித்துப் புதுத் தோல் வைத்து ரிவிட் அடித்தார். முதல் வாரத்திலேயே அது பாதி கருகியது. "புதுசுதானே, தாங்கும்" என்றார்கள். அப்புறம் "இத்தனை நாள் தாங்கினது இன்னும் கொஞ்ச நாள் தாங்காதா" என்றார்கள். தகடு கேட்டுக்கொண்டே இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு காலை. வண்டிக்குள் பதினைந்து பெண்கள். பவுன்தாய் கல்லோடு பின்னால் நடந்தாள். பாதி ஏற்றத்தில் தகட்டின் கடைசித் தோலும் பொடியாய் உதிர்ந்தது.

"அண்ணே, என்னால பிடிக்க முடியலை!" என்று தகடு கத்தியது.

என்ஜின் ஆன மட்டும் உறுமியது. சக்கரம் அசையவில்லை. போதுராஜ் பிரேக்கை மிதித்தான். நனைந்த கல்லில் வண்டி வழுக்கிப் பின்னால் இறங்கத் தொடங்கியது. உள்ளே இருந்தவர்கள் அலறினார்கள்.

"மதினி, தள்ளிப் போங்க!" என்று போதுராஜ் கூவினான்.

பவுன்தாய் தள்ளிப் போகவில்லை. குனிந்து சக்கரத்துக்கு அடியில் கல்லைச் செருகினாள். கல் உட்கார்ந்தது. வண்டி நின்றது. அவள் வலக்கையை வெளியே எடுக்கத்தான் நேரம் போதவில்லை.

பதினைந்து பேரும் உயிரோடு இறங்கினார்கள். பவுன்தாயின் மூன்று விரல்கள் போய்விட்டன.

மறு வாரமே மேனேஜர் யாக்கூப்பைக் கூப்பிட்டு அனுப்பினார். "அந்தக் கியரைப் போட்டு விடுங்க பாய்" என்றார்.

புதுக் கியர் வந்தது. கனத்த உடம்பு, நிறையப் பற்கள், நிதானமான குரல். தகட்டுக்கும் மறுபடி தோல் வைத்து மாட்டினார்கள்.

"எனக்குக் கீழயும் ஒருத்தனா!" என்று முதல் கியர் வாய்பிளந்தது.

"என்ஜின் அண்ணன் அம்பது சுத்து சுத்தட்டும். நான் சக்கரத்தை ஒரே ஒரு சுத்துதான் விடுவேன். அக்கா, நீங்க சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும்" என்றது புதுக் கியர்.

தகட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. "நீ இத்தனை நாள் எங்க இருந்த?" என்று கேட்டது.

"கடையில ஒரு பலகை மேலதான். கூப்பிடுவாங்கன்னு காத்திருந்தேன்."



முதல் நாள் ஏற்றத்தில் போதுராஜ் புதுக் கியருக்கான சின்ன நெம்புகோலை இழுத்துவிட்டு, பெடலில் இருந்து காலை முழுதாக எடுத்தான். வண்டி ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவி ஏறியது. உரசல் இல்லை. வாடை இல்லை. என்ஜின் பாடுவது தகட்டுக்கு அன்றுதான் காதில் விழுந்தது. இப்படியும் ஒரு ஏற்றம் உண்டா என்று அதற்கு அழுகை வந்தது.

கையில் கட்டோடு பவுன்தாய் வண்டியை ஒட்டியே நடந்து வந்தாள். அவள் நடையும் வண்டியின் வேகமும் ஒன்றாக இருந்தன.

"ஏந்தம்பி, இம்புட்டுத்தானா விஷயம்?" என்று ஜன்னலோரம் கேட்டாள். "இதை முன்னாடியே போட்டிருக்கக் கூடாதா?"

போதுராஜ் பாதையைப் பார்த்தபடியே ஓட்டினான்.

மேலே மேனேஜர் காத்திருந்தார். வண்டி அலுங்காமல் வந்து நின்றதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப இனிமே கல்லு போட ஆள் வேண்டாம்ல?" என்றார். பிறகு பவுன்தாயின் கையைப் பார்த்தார். "விரல் இல்லாம காய் எடுக்க முடியாதேம்மா. ஆறட்டும், வீட்டுல இரு. அப்புறம் பார்க்கலாம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் ஜீப்பைச் சுற்றிவரப் போய்விட்டார். பவுன்தாய் வந்த வழியே இறங்கி நடந்தாள். உச்சியிலிருந்து அவள் வீட்டுக்கு ஆறு மைல்.

மேனேஜர் பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். "போதுராஜ், உர மூட்டை ஏத்துற டிரெய்லர் கீழ சும்மாதானே கிடக்கு? நாளையிலேர்ந்து அதையும் பின்னால மாட்டிரு. ஒரே நடையில முடிஞ்சிரும்."

"சார், ஏத்தம் சார்... ஆளுகளும் இருக்காங்க..."

"அதான் கியர் போட்டாச்சுல்ல."

மறுநாள் காலை டிரெய்லரை நிறைத்து மூட்டை அடுக்கினார்கள். கொக்கி விழுந்ததும் ஜீப்பின் பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்தது. தகடு தன் புதுத் தோலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டது.

புதுக் கியருக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தீங்களாக்கா," என்றது, "வந்த மறுநாளே நம்ம மேல எம்புட்டு நம்பிக்கை!"