ஆடிக்காற்றில் ஐந்து பேட்டரி

தலையாட்டிப்பட்டியில் முட்டாள் என்று ஒருவர்கூடக் கிடையாது. இருந்திருந்தால் அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடிக்காமலா விட்டிருப்பார்கள்? எதையும் கூடி உட்கார்ந்து யோசிப்பார்கள். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை என்றான பிறகுதான் செய்வார்கள்.

அந்த ஊரில் மைக்செட் வைத்திருந்தவன் தவசிக்கண்ணு. கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல் என்று பல வருஷமாகக் குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே நின்று அவனுக்குக் காது மந்தமாகிவிட்டது. அதைப்பற்றி அவன் கவலைப்பட்டதே இல்லை, தையல்காரி அமராவதிமேல் ஆசை வரும் வரைக்கும்.

ஆனி மாதக் கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவள் கடைக்குப் போய், "என்னையக் கட்டிக்கிறியா?" என்று கேட்டேவிட்டான். அவள் பதில் சொன்னாள். "என்னது?" என்றான். மறுபடியும் சொன்னாள். "சத்தமாச் சொல்லு" என்றான். அதற்குள் தெருவே கடைவாசலில் கூடிவிட்டது.

அமராவதிக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தா பாருங்க, இதையெல்லாம் ஊருகேக்கக் கத்திச் சொல்ல என்னால ஆகாது. தலையாட்டவும் மாட்டேன். இந்த ஊருல எதுக்குத்தான் தலையாட்டல? ஆடி கழியட்டும். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை வந்து, மெதுவா, ஒரே ஒரு தடவை வாயால சொல்லுவேன். உங்க காதுல விழணும். வேற ஒரு காதுலயும் விழக்கூடாது."

இதை வீரணன்தான் தவசிக்கண்ணுவின் காதுக்குள் கத்தி மறுஒலிபரப்பு செய்தான். வீரணன் மைக்செட்டில் ஸ்பீக்கர் கட்டுகிறவன். வயர் இழுக்கிறவன் பெத்தணன். முதலாளியின் வாழ்க்கைப் பிரச்சினை இனி தங்கள் பொறுப்பு என்று இருவரும் அன்றைக்கே முடிவு செய்தார்கள். பாவம், தவசிக்கண்ணு.

மூவரும் டவுனுக்குப் போய்க் காது டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். அவர் மெஷினைக் காதில் மாட்டிவிட்டதும் தவசிக்கண்ணு திடுக்கிட்டு மேலே பார்த்தான். ஃபேனுக்குச் சத்தம் உண்டு என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா ஒரு வட்ட அட்டையைக் கொடுத்தார். அதில் பொத்தான் அளவில் ஆறு பேட்டரிகள். "உங்க மெஷினுக்குப் பிரவுன் ஸ்டிக்கர்தான். வேற கலர் வாங்கினா சைஸ் சேராது. போடுறப்ப ஸ்டிக்கரை உரிச்சு, ஒரு நிமிஷம் காத்துப்பட வைங்க. காத்து உள்ள போனாத்தான் வேலை செய்யும். உரிச்சுட்டா சும்மா வச்சிருந்தாலும் தீர்ந்துடும். குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க."

மூன்று தலைகளும் ஆடின.

ஊர் திரும்பியதும் விவாதம் தொடங்கியது. பிரவுன் கலரே வீரணனுக்குப் பிடிக்கவில்லை.

"கல்யாணப் பேச்சுக்குப் போய் பிரவுன் கலரா? மங்களகரமாவா இருக்கு?"

"கலரை மாத்தக்கூடாதுன்னாகளே?" என்றான் பெத்தணன்.

"மாத்த வேணாம். மேல பூசுவோம்."

எல்லாப் பேட்டரிக்கும் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார்கள். அடுத்தது, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம். பரண் என்றார்கள், ஏணி இருந்தது. தென்னை மரம் என்றார்கள், பிள்ளைகள் ஏற்கெனவே அதன்மேல்தான் இருந்தார்கள். பெத்தணன் நெடுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுத் திறந்தான்.

"ஒரு பிள்ளையோட கைக்கு எட்டவே எட்டாத இடம் எது தெரியுமா? அதோட நடுமுதுகு."

வீரணன் தன் முதுகைத் தடவிப் பார்த்தான். எட்டவில்லை. இந்த மூளையை இத்தனை நாள் வயர் இழுக்கவா விட்டுவைத்தோம் என்று தவசிக்கண்ணுவுக்கே வருத்தமாகிவிட்டது. பெத்தணனின் மகளைக் கூப்பிட்டு, அட்டையை அவள் நடுமுதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். அவள் வளைந்தாள், நெளிந்தாள், எட்டவில்லை. மூவரும் நிம்மதியாகக் காபி குடித்தார்கள்.

சற்று நேரத்தில் அட்டை வேறொரு பிள்ளையின் கையில் வந்தது.

"நம்ம கணக்கு தப்பில்லை" என்றான் பெத்தணன். "இவ கைக்கு எட்டலைல்ல? ஊருல ஒரே ஒரு பிள்ளை இருந்தா இது சரியா நடந்திருக்கும்."

முதல் பேட்டரி தீர்ந்துபோனது. அதுவரை தவசிக்கண்ணு கேட்டதெல்லாம் வீரணனும் பெத்தணனும் பேசியதைத்தான். மனசு வெறுத்து, மீதி ஐந்தையும் அமராவதியின் குரலுக்கென்றே ஒதுக்கிவிட்டான். அப்போது ஆடி பிறந்திருந்தது. புழுதியை வாரி இறைத்துக்கொண்டு காற்று அடிக்க ஆரம்பித்தது. வீரணனுக்கு யோசனை உதித்தது.

"ஒரு நிமிஷம் காத்துப்பட வைக்கணும்னாகளே, அது எந்தக் காத்து?"

"டாக்டரம்மா ரூமு ஃபேன் காத்து."

"ஃபேன் காத்துல ஒரு நிமிஷம் வச்சதே பத்து நாள் ஓடுச்சு. நம்ம ஆடிக்காத்துல மாசம் பூரா வச்சா?"

பெத்தணன் விரல்விட்டு எண்ணினான். விரல் போதவில்லை. "பேரன் பேத்தி பேசுறது வரைக்கும் கேக்கும்ணே!" என்று தவசிக்கண்ணுவின் காதில் கத்தினான். பேரன் பேத்தி என்றதும் தவசிக்கண்ணு வாயெல்லாம் பல்லாகிவிட்டான். உடனே ஐந்து ஸ்டிக்கரையும் உரித்து, பேட்டரிகளைக் கொசுவலைத் துணியில் முடிந்து, ஸ்பீக்கர் கம்பத்தின் உச்சியில் கட்டினார்கள். பிள்ளைகள் ஏறாமலிருக்கக் கம்பத்துக்கு கிரீஸ் தடவினார்கள். தினமும் காலையில் தவசிக்கண்ணு அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பல் விளக்கினான்.

ஆவணி முதல் வெள்ளி. புதுச்சட்டை போட்டுக்கொண்டு முதல் பேட்டரியை மெஷினில் வைத்தான். சத்தமில்லை. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது வரைக்கும் போட்டுப் பார்த்துவிட்டான். ஐந்தும் கம்பத்து உச்சியிலேயே செத்துப்போயிருந்தன.

"காத்து கூடிப்போச்சு" என்றான் வீரணன். "அஜீரணம்."

பெத்தணன் பேட்டரியைக் கவிழ்த்து முதுகில் தட்டிக் கொடுத்துப் பார்த்தான். ஏப்பம் வரவில்லை. டவுனுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. அமராவதி வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவைதான் சொல்லுவாள். தவசிக்கண்ணுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவன் முகத்தைப் பார்த்ததும் அமராவதிக்கு மனசு இளகியது. "கத்த மாட்டேன். வேற யாரும் கேக்கவும் கூடாது. மத்தபடி எப்படியாச்சும் செஞ்சுக்கங்க" என்றாள்.

"மெதுவாவே பேசு தாயி" என்றான் வீரணன். "மைக்குல பேசு. அண்ணன் குழாய்க்குள்ள தலையை விட்டுக்குவாரு."

"ஊரு கேக்காதா?"

"ஊரு காதை நாங்க அடைச்சுர்றோம்."

கோயில் கணக்கில் பஞ்சு வாங்கி வீடு வீடாகக் கொடுத்தார்கள். "மைக்குல சொல்ற வரைக்கும் யாரும் பஞ்சை எடுக்கக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னான் வீரணன். ஊர் மொத்தமும் தலையாட்டிவிட்டு, பஞ்சை இறுக்கித் திணித்துக்கொண்டது. கைக்குழந்தையைக்கூட விடவில்லை. கடைசியாக வீரணனும் பெத்தணனும் அடைத்துக்கொண்டார்கள்.

தவசிக்கண்ணு ஸ்பீக்கர் குழாய்க்குள் தலையை விட்டான். அமராவதி மைக்கைப் பிடித்து, கூச்சத்தோடு மெல்லச் சொன்னாள். "சரி. கட்டிக்கிறேன்."

அந்த இரண்டு வார்த்தையும் அவன் மண்டைக்குள் இடிமுழக்கமாய் இறங்கின. தலை குழாய்க்குள் இருக்கும்போதே குதித்தான். பக்கத்து ஊர்கள் மூன்றிலும் அதைக் கேட்டுப் பட்டாசு வெடித்தார்கள். தலையாட்டிப்பட்டியில் மட்டும் ஒருவருக்கும் கேட்கவில்லை. சொன்னால் சொன்னபடி நடக்கிற ஊர்.

பிறகு வீரணன் மைக்கைப் பிடித்து, "பஞ்சை எடுக்கலாம்" என்று அறிவித்தான். ஒருவரும் எடுக்கவில்லை. மறுபடி அறிவித்தான். கல்யாணமும் வந்தது. மேளக்காரர்கள் கன்னம் வலிக்க ஊதினார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தாலி கட்டும்போது மாப்பிள்ளையே, "எடுத்துருங்கப்பா" என்று மைக்கில் கெஞ்சிப் பார்த்தான். எல்லோரும் ஆசீர்வாதம் என்று நினைத்து அட்சதை போட்டார்கள்.

மறுநாள் காலை காது டாக்டரம்மாவின் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஊரே இறங்கி வரிசையில் நின்றது. வீரணன் முன்னால் போய், ஊர் மொத்தத்துக்கும் மெஷின் வேண்டும் என்று கத்தினான். டாக்டரம்மா அவன் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இடுக்கியால் ஒரு கொத்துப் பஞ்சை உருவி எடுத்தார்.

"இதுதாங்க அடைச்சிருக்கு. இதை எடுத்தாப் போதும், மெஷினெல்லாம் வேணாம்."

வீரணன் பதறிப்போய்ப் பஞ்சைப் பிடுங்கி மறுபடியும் காதில் திணித்தான்.

"என்ன டாக்டரம்மா இப்படிப் பண்ணிப்புட்டீங்க? மைக்குல சொல்ற வரைக்கும் எடுக்கக்கூடாதுன்னு உத்தரவு! அந்த அறிவிப்பைக் கேக்குறதுக்குத்தானே மெஷின் வாங்க வந்திருக்கோம். பஞ்சுக்கு மேலயே மாட்டிவிடுங்க. கேட்டதும் நாங்களே எடுத்துர்றோம்."