பள்ளம் பார்த்த டயர்

கொட்டாப்பாறையில் அறிவுக்குப் பஞ்சம் என்று அடிவாரத்துக்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிவார்கள். சுத்தப் பொய். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அறிவு உண்டு. எடுத்துச் செலவழித்தால் தீர்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அப்படி வைத்திருந்தவர்களில் முதல் ஆள் ஜீப்பு வீரணன். ஊரிலேயே தான் ஒருவன்தான் விவரமானவன் என்று அவனுக்கு எண்ணம். எங்கள் ஊரில் ஆளாளுக்குத் தன்னைப் பற்றி அதே எண்ணம் இருந்ததால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊருக்கு ஏறிவர ஒரே ஒரு மண்பாதை. ஏறும்போது வலது கைப்பக்கம் மலை, இடது கைப்பக்கம் பள்ளம். பாதையில் கிடக்கும் கல்லெல்லாம் வண்டியின் வயிற்றில் இடிக்கிறது என்று வீரணன் உயரமான ஸ்பிரிங் வாங்கி ஜீப்புக்குப் போட்டான். கல் இடிப்பது நின்றது. அதற்குப் பதிலாக முன் ஆக்சில் அப்படியே இடது பக்கம் நகர்ந்துகொண்டது. வலது டயர் மட்கார்டுக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ள, இடது டயர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதோடு விட்டதா? வண்டியும் இடது பக்கமே இழுக்க ஆரம்பித்தது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் அடிவாரத்துத் தவசி, தன் மகள் வனப்பேச்சியை வீரணனுக்குக் கொடுக்கலாமா என்று ஊர் பார்க்க வந்தார். வனப்பேச்சியை வீரணன் சந்தையில் ஒரு தடவை பார்த்திருக்கிறான். அவள் புளி மூட்டையை இறக்கச் சொன்னாள், இவன் பூண்டு மூட்டையை இறக்கினான், அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டுதான் அவன் தினமும் மலை ஏறி இறங்கினான். அவள் கிடைக்காவிட்டால் இந்த ஜென்மத்தில் கல்யாணமே வேண்டாம் என்றும் முடிவு செய்திருந்தான். கிடைக்காவிட்டாலும் அவனுக்கு வேறு யாரும் பெண் கொடுக்கப் போவதில்லை என்பது தனிக் கதை.

தவசி முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் எட்டிப் பார்த்தவர் அப்புறம் கண்ணைத் திறக்கவே இல்லை. மேலே வந்து இறங்கியதும் சொன்னார்:

“தம்பி, உன் டயரு வண்டிக்கு வெளிய நின்னுக்கிட்டு பள்ளத்த எட்டிப் பாக்குது. வண்டியச் சரி பண்ணு. வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணோட வாரேன். பள்ளத்துப் பக்கம் இழுக்காம மேல கொண்டாந்து சேத்துட்டா பேசி முடிச்சிருவோம். இழுத்துச்சுன்னா, ஆட்டோ ஓட்டுற பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டுதான் இருக்கான்.”

அவர் நடந்தே இறங்கிப் போனார்.

வீரணன் ஓடிப்போய்ப் பாறை மேல் ஏறி, அடிவாரத்து மெக்கானிக் மைதீன் பாய்க்குப் போன் போட்டான். எங்கள் ஊரில் அந்தப் பாறை மேல்தான் சிக்னல் கிடைக்கும். அதுவும் மனது வைத்தால்தான்.

“உயரம் ஏத்துனியா? அதான். சமமான இடத்துல வண்டிய நிறுத்து. ரெண்டு மட்கார்டுலயும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் எம்புட்டு இருக்குன்னு அள. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வரணும். வரலேன்னா, முன்னாடி குறுக்க ஒரு கம்பி...”

அதோடு சிக்னல் போய்விட்டது.

வீரணன் இறங்கிவந்து, மற்ற இரண்டு அறிவாளிகளைக் கூட்டினான். ஒருவன் கொத்தனார் மொக்கைச்சாமி; சுவருக்கு நூல் பிடிக்கும் தூக்குக்குண்டு அவனிடம்தான் இருந்தது. இன்னொருவன் ஒச்சப்பன், அவனிடம் ஒன்றும் இல்லை, ஆனால் அவன் இல்லாமல் எங்கள் ஊரில் எந்த ஆலோசனையும் நடந்ததில்லை.

“சமமான இடம்னு சொன்னாரா? நம்ம ஊர்ல அது ஏது?” என்றான் மொக்கைச்சாமி. “சாப்பிட உக்காந்தா ரசம் பக்கத்து எலைக்குப் போயிருது.”

ஒச்சப்பன் வெகுநேரம் யோசித்தான். “எனக்குத் தெரிஞ்சு சமமான இடம் ஒண்ணே ஒண்ணுதான். மைதீன் பாய் கடை வாசல். சிமெண்டு போட்டு வழவழன்னு இருக்கும்.”

இதை விடப் பொருத்தமான யோசனை இருக்க முடியாது என்று மூன்று பேரும் ஜீப்பை அடிவாரத்துக்கு இறக்கினார்கள். இறங்கும்போது பயமே இல்லை. வண்டி இடது பக்கம் மலையை உரசிக்கொண்டே சமர்த்தாக இறங்கியது.

பாய் கடை வாசலில் ஒரு லாரி நின்றது. லாரிக்கு அடியில் பாயின் கால்கள் மட்டும் தெரிந்தன.

“யாருப்பா அது?” என்று கால்கள் பக்கமிருந்து குரல் வந்தது.

“நாங்கதான் பாய், கொட்டாப்பாறை. நீங்க வேலையப் பாருங்க. எங்களுக்குச் சமமான இடம் மட்டும்தான் வேணும்.”

வேலை செய்கிற மனுஷனைத் தொந்தரவு செய்வது எங்கள் ஊர்ப் பழக்கம் இல்லை. பூனை மாதிரி நடந்து, இரண்டு பக்கமும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார்கள். மொக்கைச்சாமி விரலை வைத்து அளந்தான்.

“எடது டயரு நூலுக்கு வெளிய ரெண்டு விரக்கட.”

வீரணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

“வலது டயரு நூலுக்கு உள்ள... ரெண்டு விரக்கட.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அங்கயும் ரெண்டு, இங்கயும் ரெண்டா?” என்றான் ஒச்சப்பன்.

“நல்லாப் பாத்துட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவு.”

“அப்ப வண்டி நல்லாத்தான இருக்கு!”

வீரணனுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, அந்தக் கம்பி விஷயம் வருவதற்கு முன்னால் சிக்னல் போனது. இல்லாவிட்டால் நல்ல வண்டியைப் போட்டுக் கழற்றியிருப்போமே என்று நினைத்துக்கொண்டான். பாயின் கால்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்ப மலை ஏறினார்கள்.

முதல் வளைவிலேயே ஜீப்பு பள்ளத்தைப் பார்த்து இழுத்தது. வீரணன் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “எடது பக்கம் இழுக்குது! எடது பக்கம் இழுக்குது!” என்று அலறினான்.

ஒச்சப்பன் வழக்கம்போல ஜீப்பின் பின்பக்கம், காலை வெளியே தொங்கவிட்டு, வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். “எதுக்குடா இந்தக் கத்து கத்துற? எனக்கு எடது பக்கம் மலைதான இருக்கு?” என்றான்.

வீரணன் பிரேக்கை மிதித்தான். திரும்பி ஒச்சப்பன் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தான்.

“ஒச்சப்பண்ணே,” என்றான் வீரணன் மெதுவாக, “அளவெல்லாம் சரியா இருக்குற வண்டி எதுக்கு இழுக்குது? வண்டில குத்தம் இல்ல. அது தப்பான பக்கம் பாத்து ஏறுது. நீங்க பாக்குற பக்கம் பாத்து ஏறுனா மலைப்பக்கந்தான இழுக்கும்?”

எங்கள் ஊர் வரலாற்றில் அப்படி ஒரு யோசனை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குத் தவசி மகளோடு வந்தார். உயிர் மேல் ஆசை இருந்ததால் பின்சீட்டில் மொக்கைச்சாமிக்கும் ஒச்சப்பனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். வனப்பேச்சி முன்சீட்டில், வீரணனுக்கு இடது பக்கம். வீரணன் வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, ஜீப்பை அடிவாரத்தைப் பார்க்க நிறுத்தி, ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

“ஏன் தம்பி, பின்னாலயே போறோம்?”

“நீங்க பள்ளத்துப் பக்கம் மட்டும் பாருங்க மாமா.”

இடது தோளுக்கு மேல் கழுத்தைத் திருப்பிக்கொண்டு வீரணன் மலை ஏறினான். இடது டயர் மலையைத் தடவிக்கொண்டு, செடி கொடிகளை முகர்ந்துகொண்டு வந்தது. பள்ளத்துப் பக்கம் அது தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. வழி நெடுக வீரணனின் முகம் வனப்பேச்சி பக்கமே இருந்தது. அவன் பார்த்தது பின்னால் இருந்த பாதையைத்தான். நடுநடுவே அவளையும் பார்த்தான், இல்லை என்று சொன்னால் எங்கள் ஊர்ச் சாமி கண்ணைக் குத்தும். அவள் முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். நாலைந்து வளைவுக்கு அப்புறம் குனியவில்லை.

மேலே வந்து நின்றதும் தவசி குதித்து இறங்கினார். “மாப்ள! ஒரு நூல் இழுக்கலயே! இனி என்ன, தட்டை மாத்திருவோம்!”

மாப்ள என்ற சொல்லைக் கேட்டு வீரணன் அவர் பக்கம் திரும்ப முயன்றான். முடியவில்லை. கழுத்து இடது தோள் பக்கமாகவே பூட்டிக்கொண்டுவிட்டது.

தவசி அவனைச் சுற்றிவந்து பார்த்தார். முகம் மாறியது.

“தம்பி,” என்றார். “வண்டி சரியாகிருச்சு. இப்ப நீ எடது பக்கம் இழுக்குற மாதிரி இருக்கே?”

தம்பி என்றதும் வீரணனுக்குப் பாதி உயிர் போயிற்று. ஆட்டோ ஓட்டும் பையன் கண்முன்னால் வந்து நின்றான். மற்ற இரண்டு அறிவாளிகளும் உடனே கூடிப் பேசினார்கள்.

“கோளாறு ஒண்ணுதான், வைத்தியமும் ஒண்ணுதான்,” என்றான் ஒச்சப்பன். “சமமான இடத்துல நிறுத்தி அளந்து பாத்துருவோம்.”

எல்லோரும் மறுபடி ஜீப்பில் ஏறினார்கள். வண்டி ஏற்கெனவே அடிவாரத்தைப் பார்த்துத்தான் நின்றது. ஓட்டுகிறவன் பார்க்காவிட்டாலும் அது மலையை ஒட்டியே இறங்கிக்கொள்ளும் என்று மொக்கைச்சாமி தைரியம் சொன்னான். தவசி இந்தத் தடவையும் கண்ணை மூடிக்கொண்டார்.

பாய் கடை வாசலில் அதே லாரி. அதே கால்கள்.

சிமெண்டுத் தரையில் வீரணனை நிறுத்தி, இரண்டு காதிலும் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அவன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றான். மொக்கைச்சாமி விரலை வைத்தான்.

“வலது காது நூலு, தோளுக்கு முன்னால ரெண்டு விரக்கட.”

தவசி பெருமூச்சு விட்டார்.

“எடது காது நூலு, தோளுக்குப் பின்னால... ரெண்டு விரக்கட!”

“ஒரே அளவு!” என்று ஒச்சப்பன் துள்ளினான். “மாமா, மாப்பிள்ளையில ஒரு குத்தமும் இல்ல!”

தவசி நம்பாமல் தானே விரலை வைத்து அளந்து பார்த்தார். இரண்டு பக்கமும் இரண்டு விரல்தான். அளவு என்று வந்துவிட்டால் அப்புறம் பேச்சுக்கு இடம் ஏது? வனப்பேச்சி நடந்து வந்து வீரணனுக்கு இடது பக்கம், அவன் முகத்துக்கு நேராக நின்றாள்.

“இவரு நேராத்தான் பாக்குறாருப்பா,” என்றாள். “போட்டுக் கழட்டிராதீங்க.”

“சரி மாப்ள,” என்றார் தவசி.

சந்தோஷத்தில் வீரணன் தலையை ஆட்ட முயன்றான். தலை ஆடவில்லை, காதில் தொங்கிய குண்டுகள் மட்டும் ஆடிப்போய் லாரியில் டங்கென்று இடித்தன.

“யாருப்பா அங்க?” என்றது லாரிக்கு அடியிலிருந்து பாயின் குரல். “ஏதாச்சும் ரிப்பேரா?”

“ஒண்ணுமில்ல பாய்,” என்றான் வீரணன், வனப்பேச்சியைப் பார்த்தபடியே. “எல்லாம் அளவு சரியா இருக்கு. நீங்க வேலையப் பாருங்க.”