கதவுக் கட்சியும் மதில் கட்சியும்

நெடுநாளைக்கு முன்னால் மேல்கரை நாட்டை வச்சிரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு கட்டளை போடுவான். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் அதை மாற்றுவான். குடிகளும் இதற்குப் பழகி, எந்தக் கட்டளையையும் மாலை வரை நிறைவேற்றாமல் வைத்திருந்தார்கள்.

அந்த நாட்டின் கிழக்கு எல்லையில் ஒரு பெரிய கதவு. அதைத் திறந்தே வைப்பதா, செங்கல் வைத்து அடைத்து மதிலாக்குவதா என்பதில் நாடே இரண்டாகிவிட்டது. கதவுக் கட்சிக்காரன் மதில் கட்சிக்காரன் கடையில் வெற்றிலை வாங்கமாட்டான். நிச்சயம் செய்த கல்யாணங்கள் நின்றன. மந்திரி தாண்டவராயர் கதவுக் கட்சி. அவர் மனைவியின் அண்ணன் சாத்தப்பர், எல்லைக் கிராமத்து நாட்டாண்மைக்காரர், மதில் கட்சி. ஒரே சபையில் உட்கார்ந்தும் இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. மந்திரியின் மனைவி கோயிலுக்கென்று சொல்லிவிட்டு அண்ணனைப் பார்க்கப் போவாள். திரும்பி வந்ததும் மந்திரி, "சாமி சௌக்கியமா?" என்று மட்டும் கேட்பார்.

மந்திரி பதவிமேல் கண்ணாயிருந்த படைத்தலைவன், தளவாய் வல்லபராயன், ஒரு நாள் காலையில் சபையில் எழுந்தான். அவனும் மதில் கட்சி.

"மகாராஜா, கதவுக் கட்சியை நாடு கடத்திவிட்டால் சபை அமைதியாகிவிடும்."

ராஜாவுக்கு அன்று தலைவலி. "அப்படியே ஆகட்டும்! கதவு திறந்திருக்கட்டும் என்று இந்தச் சபையில் சொன்னவன் எவனாயிருந்தாலும் இன்றே எல்லை தாண்ட வேண்டும். ஓலை எழுது!"

சபையில் பாதிப் பேருக்கு வியர்த்தது. தாண்டவராயர் எழுந்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"உத்தரவு, மகாராஜா. ஆனால் ஓலையில் குற்றம் இன்னதென்று எழுத வேண்டுமே. நாங்கள் சொன்னது என்ன என்பதைத் தளவாயே சொல்லட்டும். ஆமாம், இதைத்தான் சொன்னோம் என்று நாங்கள் ஒப்புக்கொண்டதும் எழுதிவிடலாம்."

"நல்ல யோசனை. தளவாய், சொல்."

"நாட்டை அயலானுக்கு விற்கச் சொல்கிறார்கள்."

"யார் சொன்னது?" என்றார் மந்திரி. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்தர் அந்த ஓலையை ஓரமாக வைத்தார்.

"மதிலுக்கு மண் சுமக்கச் சோம்பல்படுகிறார்கள்."

அதையும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்தர் இரண்டாவது ஓலையையும் ஓரமாக வைத்தார்.

"இரண்டு வருஷமாகச் சண்டை போடுகிறாய். அவர்கள் சொல்வது என்னவென்று தெரியாதா?" என்றான் ராஜா.

தளவாய்க்குச் சுருக்கென்றது. "மந்திரிக்கு மட்டும் எங்கள் கட்சி தெரியுமாக்கும்? சொல்லச் சொல்லுங்கள்!"

மந்திரி இதை எதிர்பார்க்கவில்லை. "மதில் கட்சிக்கு அயலார் என்றாலே பயம்," என்றார்.

சாத்தப்பர் எழுந்துவிட்டார். "நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. போன கோடையில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் எங்கள் ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். நாற்பது வீட்டில் உழவு நின்றுபோனது. அதனால்தான் அடைக்கச் சொன்னேன்."

மாடு போன சேதி மந்திரிக்கு ஓலையில் ஒரே வரியாக வந்திருந்தது. உழவு நின்றதை யாரும் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை. முகம் கறுத்துவிட்டது அவருக்கு. "தப்பு என்னுடையது," என்று சொல்லி, சாத்தப்பர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். சாத்தப்பர் தலையசைத்தார்.

"இப்போது உன் முறை," என்றான் ராஜா தளவாயிடம்.

தளவாய் கதவுக் கட்சி வரிசைக்குப் போய், வேண்டாவெறுப்பாகக் கேட்டுக்கொண்டு வந்தான். ஆனால் ஆள் பெரிய பேச்சுக்காரன். வாயைத் திறந்தால் தன்னை மறந்துவிடுவான்.

"நம் நாட்டில் உப்பு விளைவதில்லை! கதவை அடைத்தால் ஏழையின் கஞ்சியில் எதைப் போடுவது? திருடன் கதவு வழியாகவா வருகிறான்? முட்புதர் வழியாக வருகிறான்! காவலை அங்கே போடுங்கள். கதவு திறந்திருக்கட்டும்!"

"இதுதான் நாங்கள் சொன்னது. ஆனால் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை," என்றார் கதவுக் கட்சிக்காரர் ஒருவர்.

மந்திரி கைகட்டி நின்றார். "மகாராஜா, கதவு திறந்திருக்கட்டும் என்று சபையில் சொன்னவர் பட்டியலில் தளவாயின் பெயரை முதலில் எழுதலாமா, கடைசியிலா?"

"ஐயோ! நான் அவர்கள் சொன்னதைத்தானே சொன்னேன்!"

"உண்மைதான். தளவாயை மன்னிக்க வேண்டும், மகாராஜா. இவ்வளவு அழகாகச் சொன்னவருக்கே மன்னிப்பு உண்டென்றால், அரைகுறையாகச் சொன்ன எங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கும்."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைவலி போய்விட்டது. மத்தியானம் வரை காத்திராமல் அப்போதே ஓலையை முறித்துப் போட்டான். கழுத்திலிருந்த முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். இனிமேல் எதிராளியின் பேச்சை எதிராளி ஒப்புக்கொள்ளும்படி சொன்ன பிறகே எவரும் தன் பேச்சைத் தொடங்கலாம் என்று உத்தரவானது. தளவாய்க்கு ஆறு மாதம் கதவுக் கட்சிக்காகப் பேசும் வேலை. முட்புதர்ப் பாதையில் காவல் போட்டார்கள்.

அன்று சாத்தப்பர் மந்திரி வீட்டில் சாப்பிட்டார். "எந்தெந்த வீட்டு மாடு, மச்சான்?" என்று மந்திரி கேட்க, நாற்பது வீட்டையும் சொல்லி முடிக்க மோர்ச்சாதம் வரை ஆனது.

"இப்போதாவது கதவை அடைக்கலாம் என்று தோன்றுகிறதா, மாப்பிள்ளை?"

"இல்லை," என்றார் மந்திரி. "நாளைக்கும் சாப்பிட வாருங்கள்."