புரட்டக் கூடாத முட்டை

ரொம்பக் காலத்துக்கு முன்னே, கோழியும் ஆமையும் மனுசரோடு பேசிக்கொண்டிருந்த நாளில், கடலோரத்தில் நாகாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பால் மறக்காத பெண்குழந்தை ஒன்று, அடையில் உட்கார்ந்த கோழி ஒன்று.

ஒரு மந்திரவாதி வந்தான். "அந்தக் கோழியை அடிச்சுக் குழம்பு வை" என்றான்.

"அடைக்கோழியை அறுக்க மாட்டோம் சாமி. மீன் குழம்பு இருக்கு, சாப்பிடுங்க."

அவனுக்குக் கோபம். தொட்டிலைப் பார்த்து ஊதினான். குழந்தை கிடந்த இடத்தில் வெள்ளையாய் ஒரு முட்டை கிடந்தது.

"உன் கோழியே அடைகாக்கட்டும். பொரிஞ்சா புள்ளை, இல்லைன்னா கூமுட்டை" என்று சிரித்துவிட்டுப் போனான்.

கோழி அந்த முட்டையை அலகால் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது.

"அம்மாடி, அமுக்கினா குழி விழுது பாரு. இது ஆமைமுட்டை. நான் என் முட்டையை நாளெல்லாம் புரட்டுவேன். புரட்டலைன்னா குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும். ஆமைமுட்டையைப் புரட்டினா உள்ளே இருக்கிற உசுரு போயிடும். அதுக்குத்தான் என்கிட்ட விடச் சொன்னான். பக்கம் மாறாம ஆமைகிட்ட எடுத்துட்டுப் போ."

கரையில் பங்குனி ஆமை என்கிற கடலாமை ஒன்று முட்டையிட்டுக் குழியை மூடிக்கொண்டிருந்தது. நாகாயி நடந்ததைச் சொன்னாள்.

"பொண்ணா, பையனா?" என்று கேட்டது.

"பொண்ணு ஆத்தா."

"அப்போ வெயில் காயிற மணல்ல புதை. குளிர்ந்த மணல்னா பையனாப் போயிடும். புரட்டாதே, தோண்டாதே, நிழல் கட்டாதே. மணல் சூடு பார்த்துக்கும்."

"குஞ்சு வர்ற வரைக்கும் நீ இருக்க மாட்டியா?"

"எங்கள்ல அந்தப் பழக்கம் இல்லை. குஞ்சு தானா கடலுக்கு வந்துடும்."

ஆமை போய்விட்டது. நாகாயி அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே வெயில் மணலில் முட்டையைப் பக்கம் மாறாமல் புதைத்தாள். தன் பிள்ளையும் கடலோடு போய்விட்டால்?

அங்கேயே காவல் கிடந்தாள். பால் கட்டி நெஞ்சு வலித்தது. வற்றவிடக் கூடாதென்று தினமும் பீய்ச்சினாள்.

மந்திரவாதி மூன்று தரம் வந்தான்.

"ஒரு தரம் புரட்டிப் பாரேன்." புரட்டவில்லை.

"உசுரு இருக்கான்னு தோண்டிப் பாரேன்." கை மணல் வரைக்கும் போனது. தோண்டவில்லை.

"பச்சை மண்ணு, வெயில்ல வேகுதே. நிழல் கட்டேன்." அழுதாள். கட்டவில்லை.

ஒரு விடியலில் மணல் அசைந்தது. ஆமைக்குஞ்சுகள் கொத்தாகக் கிளம்பிக் கடலைப் பார்த்து ஓடின. கூடவே உள்ளங்கை அளவில் அவள் குழந்தையும் தவழ்ந்தது. நாகாயி ஓடிப்போய் அலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பால் தானாகச் சுரந்து சேலை நனைந்தது.

குழந்தை நின்றது. மோந்து பார்த்தது. குஞ்சுகளெல்லாம் அலைக்குள் போக, அது மட்டும் மடிக்கு வந்தது. வாய் வைத்ததும் பழையபடி வளர்ந்தது.

முறிந்த மந்திரம் விட்டவன் மேலேதான் திரும்பும். ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த மந்திரவாதி ஒரு முட்டையாகச் சுருங்கி உருண்டான். நாகாயி அதை எடுத்துக் காதருகே ஆட்டினாள். சளக் சளக் என்றது.

"கூமுட்டை" என்றது, தன் குஞ்சுகளோடு வந்து நின்ற கோழி.

அவள் பிள்ளை பால் குடித்துத் தூங்கியது. நானும் கதையை முடித்தேன்.